கூழாங்கல் காட்டுத் திராட்சை: ஊர்ப் பெயரைச் சொத்தாக்கிய உழவர்கள்

ஏக்கருக்கு இரண்டு டன்னுக்கு மேல் திராட்சை எடுக்கக் கூடாது என்று நம்ம ஊரில் ஒரு சட்டம் வந்தால் என்ன ஆகும்? மறுநாளே கலெக்டர் ஆபீஸ் வாசலில் உட்கார்ந்துவிடுவோம். கம்பம் பள்ளத்தாக்கில் பன்னீர் திராட்சை ஏக்கருக்குப் பத்து டன்னைத் தாண்டுகிறதே, இரண்டு டன்னை வெச்சுக்கிட்டு என்ன பண்றது என்று கேட்போம். கேட்கிறது நியாயம்தான்.

ஆனால் பிரான்சு நாட்டின் தெற்கே ஓர் ஊரில் அப்படி ஒரு கட்டுப்பாடு பல பத்தாண்டுகளாக அமலில் இருக்கிறது. ஒரு ஹெக்டேருக்கு 3,500 லிட்டர் ஒயினுக்கு மேல் எடுக்கக் கூடாது. ஏக்கர் கணக்கில் சொன்னால் சுமார் 1,400 லிட்டர். அதற்கு வேண்டிய பழம் ஏறக்குறைய இரண்டு டன்தான். இதைவிட ஆச்சரியம், அந்த ஊர்க் கட்டுப்பாடுகளுக்கு அடித்தளம் போட்டது அரசாங்கம் இல்ல. அங்கே திராட்சை வளர்க்கிற உழவர்களே கூடிப் பேசி, எழுதி, நீதிமன்றம் வரைக்கும் போய் வாங்கிய கட்டுப்பாடு அது.

ஒயின் என்றதும் நம்மில் சிலர் முகம் சுளிக்கலாம். குடியால் அழிந்த குடும்பங்களைப் பார்த்துக்கொண்டு இருக்கிறவர்கள் நாம். இந்தக் கட்டுரை யாரையும் குடிக்கச் சொல்ல வரவில்லை. ஒரு விளைபொருளின் குணம் எங்கிருந்து வருகிறது, அந்தக் குணத்துக்கு உரிய பெயர் யாருக்குச் சொந்தம் என்ற இரண்டு கேள்விகளைத்தான் பேசப் போகிறோம். இந்த இரண்டும் சீரகச் சம்பாவுக்கும் பொருந்தும், கருப்பட்டிக்கும் பொருந்தும்.

ஊரும் பேரும்

ஊரின் பெயர் ஷாத்தோநெஃப் து பாப். 'போப்பாண்டவரின் புதுக்கோட்டை' என்று அர்த்தம். 1309 முதல் 1377 வரை கத்தோலிக்கப் போப்பாண்டவர்கள் ரோமாபுரியை விட்டு, தென் பிரான்சில் உள்ள அவிஞோன் நகரில் இருந்து ஆட்சி செய்தார்கள். அவர்களில் ஒருவரான இருபத்திரண்டாம் ஜான், அவிஞோனுக்கு வடக்கே ஒரு குன்றின் மேல் கோடைக்காலக் கோட்டை ஒன்றைக் கட்டினார். ஊரைச் சுற்றித் திராட்சை பரவ அதுவும் ஒரு காரணம். 1944இல் பின்வாங்கிப் போன ஜெர்மன் படை வெடி வைத்ததில், முன்பே இடிந்து கிடந்த கோட்டையில் மிஞ்சி நின்ற கோபுரத்தின் ஒரு பகுதியும் போய்விட்டது. மிச்சம் நிற்கிற மொட்டைச் சுவர்தான் இன்றைக்கும் ஊருக்கு அடையாளம்.

அவிஞோனுக்கும் ஒரான்ஜ் நகருக்கும் நடுவில், ரோன் ஆற்றின் கிழக்குக் கரையில் இருக்கிறது இந்தப் பகுதி. ஐந்து ஊர்களின் நிலம் சேர்ந்து சுமார் 3,200 ஹெக்டேர், அதாவது ஏறக்குறைய 8,000 ஏக்கர். நம்ம பக்கம் ஒரு பெரிய ஏரியின் ஆயக்கட்டு அளவுதான். இந்த 8,000 ஏக்கருக்கு வெளியே விளைந்த திராட்சையில் இருந்து எடுத்த ஒயினுக்கு, அது எவ்வளவு நல்லதாக இருந்தாலும், இந்தப் பெயரை வைக்க முடியாது.

கல்லே மூடாக்கு

இந்த ஊர்த் தோட்டங்களில் பலவற்றைப் பார்த்தால் நம்மாளு ஒருத்தர் "இதுல என்னத்த விளையும்?" என்றுதான் கேட்பார். மண்ணே கண்ணில் படாது. முஷ்டி அளவிலிருந்து பூசணிக்காய் அளவு வரை வழுவழுப்பான கூழாங்கற்கள் நிலம் முழுக்கப் பரவிக் கிடக்கும். லட்சக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்னால் ஆல்ப்ஸ் மலையில் இருந்து பழைய ரோன் ஆறு உருட்டிக் கொண்டுவந்து போட்ட கற்கள் இவை. அந்தக் கல்லாங்குத்தின் நடுவே, இடுப்பு உயரம்கூட இல்லாத தடித்த திராட்சைக் கட்டைகள் ஒன்றுக்கொன்று தள்ளித் தள்ளி நிற்கும். பந்தல் கிடையாது. அவற்றில் நூறு வயதைத் தாண்டியவையும் உண்டு.

இந்தக் கல் என்ன செய்கிறது? பகலில் வெயிலை வாங்கி வைத்துக்கொண்டு, இராத்திரியில் மெல்ல விடுகிறது. பழம் முழுசாகப் பழுக்க இந்தச் சூடு உதவுகிறது. இதைத்தான் எல்லோரும் சொல்வார்கள். ஆனால் இயற்கை விவசாயியின் கண்ணுக்கு இன்னொன்று முக்கியம். கல்லுக்கு அடியில் இருப்பது சிவந்த களிமண். குளிர்காலத்திலும் வசந்த காலத்திலும் பெய்கிற மழையை அந்தக் களி பிடித்து வைத்துக்கொள்கிறது. மேலே கிடக்கிற கல் அந்த ஈரம் ஆவியாகாமல் மூடிக் காக்கிறது. நாம சருகையும் தென்னை மட்டையையும் போட்டுச் செய்கிற வேலையை அங்கே கல் செய்கிறது. மூடாக்குக்கு மூடாக்கு, அதுவும் மட்காத மூடாக்கு!

பாசனம் சாதாரணமாக அனுமதி இல்ல. கடும் வறட்சி வந்த வருசம் மட்டும் தனி அனுமதி வாங்கி, குறிப்பிட்ட காலத்துக்குள் கொஞ்சம் தண்ணீர் விடலாம். ஆண்டு மழை 600 முதல் 700 மில்லிமீட்டர். கோடை வறண்டே கிடக்கும். ஆகவே இது கிட்டத்தட்ட மானாவாரிப் பயிர். வேர் தண்ணீரைத் தேடி ஆழமாக இறங்குகிறது. பழம் சிறுத்துப் போகிறது. சிறுத்த பழத்தில் சாற்றைக் காட்டிலும் தோலின் பங்கு அதிகம். நிறம், மணம், துவர்ப்பு எல்லாம் இருக்கிறது தோலில்தான். மானாவாரி மிளகாய்க்கும் தண்ணியிலேயே வளர்ந்த மிளகாய்க்கும் காரத்தில் இருக்கிற வித்தியாசத்தை நினைத்துப் பாருங்க, விசயம் புரிந்துவிடும்.

எல்லாத் தோட்டமும் கூழாங்கல் இல்ல. சில இடங்களில் மணல், சில இடங்களில் சுண்ணாம்புச் சரளை. மணலில் விளைவது மென்மையும் வாசனையும் கூடியது. கல்லும் களியும் சேர்ந்த இடத்தில் விளைவது கனமானது. ஒரே ரகம், ஒரே ஊர், ஆனால் காடு மாறினால் குணம் மாறுகிறது. இதற்குப் பிரெஞ்சுக்காரர்கள் 'தெர்வார்' என்று ஒரு சொல் வைத்திருக்கிறார்கள். நம்ம கிராமத்தில் "அது அந்த மண்ணு வாகுங்க" என்பார்களே, அதேதான். மண், சரிவு, காற்று, மழை, அதோடு அந்த நிலத்தில் பழகிய மனுசர்களின் கைப்பழக்கம் எல்லாம் சேர்ந்தது.

காற்று என்கிற மருந்து

வடக்கே இருந்து ரோன் பள்ளத்தாக்கு வழியாக ஒரு காற்று இறங்கும். பெயர் மிஸ்த்ரால். வருசத்தில் நூறு நாளுக்கு மேல் வீசும். இளந்தளிரை ஒடித்துப் போடுகிற அளவுக்கு வேகம். அதனால்தான் கொடியைப் பந்தலில் ஏற்றாமல், தரையோடு ஒட்டிக் கோப்பை வடிவத்தில் கவாத்து செய்தார்கள் முன்னோர். நாலைந்து கை விரிந்து, நடுவில் வெளிச்சமும் காற்றும் புகும்படியான வடிவம்.

உடைக்கிற அதே காற்றுதான் காப்பாற்றவும் செய்கிறது. மழை பெய்து ஓய்ந்ததும் இலையையும் குலையையும் சீக்கிரம் உலர்த்திவிடும். திராட்சைக்கு முதல் எதிரி ஈரத்தில் வரும் பூஞ்சாணம் என்பது கம்பத்து உழவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. காற்று உலர்த்திக் கொடுப்பதால் இங்கே மருந்துத் தெளிப்பு குறைகிறது. இந்தப் பகுதியில் இயற்கை விவசாயம் நன்றாக வேர் பிடித்ததற்கு இந்தக் காற்று ஒரு பெரிய காரணம். பொகாஸ்தெல் என்ற புகழ்பெற்ற தோட்டம் 1950களிலேயே இரசாயனத்தை விட்டுவிட்டது. 1970களில் உயிராற்றல் வேளாண்மைக்கு மாறியது. பழத்தைத் துளைக்கிற அந்துப்பூச்சிக்கு, ஆண் பூச்சியைக் குழப்புகிற இனக்கவர்ச்சி வில்லைகளைத் தோட்டம் தோட்டமாகக் கட்டித் தொங்கவிடுகிறார்கள். ஒருத்தர் மட்டும் கட்டினால் பலன் குறைவு. பக்கத்துக் காட்டுக்காரரும் சேர்ந்து கட்டினால்தான் வேலை செய்யும். அதனால் இதுவும் கூட்டாகச் செய்கிற வேலை.

'கனம்' என்றால் என்ன?

ஒயினைப் பத்திப் பேசுகிறவர்கள் 'உடம்பு உள்ள ஒயின்' என்பார்கள். வாயில் வைத்ததும் நாக்கில் ஏறுகிற கனத்தைத்தான் அப்படிச் சொல்றாங்க. நீர்மோர், கட்டிமோர், எருமைத் தயிர் மூன்றையும் அடுத்தடுத்து வாயில் வைத்தால் தெரியுமே, அந்த வித்தியாசம். ஷாத்தோநெஃப் எருமைத் தயிர் பக்கம். கனத்துக்குக் காரணம் மூன்று. ஒன்று, நன்றாகப் பழுத்த பழத்தின் சர்க்கரை நொதித்து உண்டாகும் ஆல்கஹால். இரண்டு, தோலிலும் விதையிலும் இருந்து இறங்குகிற துவர்ப்பு. பாக்கு, மாங்கொட்டை, நெல்லிக்காய் கடித்ததும் வாய் இழுக்குமே, அதே சரக்கு. மூன்று, சாற்றிலேயே கரைந்திருக்கும் மற்ற சத்துகளின் அடர்த்தி.

இங்கே முக்கால் பங்குக்குக் கிட்டத்தில் நிற்கிற ரகம் கிரெனாஷ். வெயிலையும் வறட்சியையும் காற்றையும் தாங்கும். சர்க்கரை நன்றாக ஏறும். ஆனால் தோல் மெல்லிசு. நிறமும் துவர்ப்பும் குறைவு. பூ உதிர்கிற பழக்கமும் உண்டு. செம்புற்றுப்பழம், மிளகு, உலர்ந்த மூலிகை என்று இதன் மணத்தைச் சொல்வார்கள். காற்று பட்டால் சீக்கிரம் கெடுகிற குணம் இதற்கு. அதனால் புது மரப்பீப்பாயில் அடைக்காமல், பெரிய பழைய மரத்தொட்டியிலோ சிமெண்டுத் தொட்டியிலோ வைத்துப் பக்குவப்படுத்துகிறார்கள்.

கிரெனாஷில் இல்லாததை மற்ற ரகங்கள் தருகின்றன. மூர்வெத்ர் துவர்ப்பும் நீண்ட நாள் தாங்கும் வலுவும் கொடுக்கும். சிரா கருநிறமும் காரமான மணமும் கொடுக்கும். சான்சோ மென்மை கொடுக்கும். கூன்வாஸ் புளிப்பும் புத்துணர்வும் கொடுக்கும். இப்படி மொத்தம் 13 ரகங்களுக்கு அனுமதி. ஒரே ரகத்தின் வெள்ளை, சிவப்பு வகைகளைத் தனித்தனியாக எண்ணினால் 18. வெள்ளைத் திராட்சையும் சிவப்பு ஒயினில் கொஞ்சம் சேரும். நம்ம வீட்டுச் சாம்பார்ப் பொடி மாதிரி வைத்துக்கொள்ளுங்க. மல்லிதான் அதிகம். ஆனால் மல்லி மட்டும் போட்டால் சாம்பார்ப் பொடி ஆகாது.

அக்கரையில் இறங்கிய பூச்சி

இவ்வளவு ரகங்கள் இங்கே சேர்ந்ததற்குப் பின்னால் ஒரு பேரழிவு இருக்கிறது. 1862இல், ஷாத்தோநெஃபுக்கு நேர் எதிரே ரோன் ஆற்றின் அக்கரையில் உள்ள ரோக்மோர் என்ற ஊரில் ஒரு வியாபாரி, அமெரிக்காவில் இருந்து வந்த திராட்சைக் கொடிகளைத் தன் தோட்டத்தில் நட்டார். அடுத்த வருசமே அக்கம்பக்கத்துத் தோட்டங்களில் கொடிகள் காரணம் தெரியாமல் காய ஆரம்பித்தன. பிறகு அது ஆண்டுக்கு ஆண்டு பரவியது.

செத்த கொடியைப் பிடுங்கிப் பார்த்தால் வேர் அழுகியிருக்கும். பூச்சி எதுவும் இருக்காது. 1868இல் மோன்பெலியே நகரத்துத் தாவரவியல் அறிஞர் பிளான்ஷோன், தன் குழுவோடு வந்து, செத்த கொடியை விட்டுவிட்டுப் பச்சையாக நிற்கிற கொடியின் வேரைத் தோண்டிப் பார்த்தார். வேர் முழுக்க அசுவினி மாதிரி மஞ்சள் நிறப் பொடிப்பூச்சிகள்! செடி சாகும் முன்பே அடுத்த செடிக்கு நகர்ந்துவிடுவதால்தான் அதுவரை யார் கண்ணிலும் படவில்லை. ஃபிலாக்செரா என்ற அந்தப் பூச்சி 19ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் பிரான்சின் திராட்சைக் காடுகளில் பெரும்பகுதியை அழித்தது. முதலில் அடி வாங்கிய இடங்களில் ஷாத்தோநெஃபும் ஒன்று.

அரசு 3,00,000 பிராங்க் பரிசு அறிவித்தது. மண்ணுக்குள் கார்பன் டைசல்ஃபைடு என்ற நச்சை ஊசி போட்டார்கள். செலவு ஏறியதே தவிரத் தீர்வு வரவில்லை. கடைசியில் தீர்வு பூச்சி பிறந்த மண்ணில் இருந்தே வந்தது. அமெரிக்கக் கொடியின் வேர் அந்தப் பூச்சியோடு காலம் காலமாக வாழ்ந்து பழகியது, அது தாங்கும். ஆகவே அமெரிக்க வேர்ச்செடியின் மேல் பிரெஞ்சு ரகத்தை ஒட்டுக் கட்டினார்கள். இன்றைக்கும் உலகத்துத் திராட்சையில் பெரும்பகுதி இப்படி ஒட்டுக் கட்டியதுதான். மகாராஷ்டிரத்தில் வறட்சிக்கும் உப்புத் தண்ணீருக்கும் 'டாக்ரிட்ஜ்' வேர்ச்செடியில் ஒட்டுக் கட்டுவதும் இந்த வழியில் வந்த அறிவுதான்.

அழிந்த காட்டை மறுபடி நடும்போது ஷாத்தோநெஃபில் லா நெர்த் தோட்டத்தின் உரிமையாளர் தூக்கோஸ் என்பவர், பத்து ரகங்களைக் கலந்து நட்டார். எதற்கு என்ன குணம் என்று தனித்தனியாகப் பார்த்துக் குறித்து வைத்தார். பின்னாளில் வந்த 13 ரகப் பட்டியலுக்கு அது வழிகாட்டி. மீண்டும் நடுகிற நேரத்தில் ஒரே ரகத்தை நம்பாமல் பலவற்றை நட்டது எவ்வளவு பெரிய காரியம் என்பது நூறு வருசம் கழித்துத்தான் தெரிந்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

கலப்படமும் கிளர்ச்சியும்

பூச்சி போய்த் திராட்சை திரும்பியதும் வேறு தொல்லை வந்தது. சர்க்கரைத் தண்ணீரைக் கலந்து போலி ஒயின் காய்ச்சும் வியாபாரம் பெருகியது. வெளியூர் ஒயின்களும் வந்து குவிந்தன. விலை தரைமட்டத்துக்கு விழுந்தது. 1907இல் பக்கத்து லாங்தொக் பகுதி உழவர்கள் தெருவில் இறங்கினார்கள். மார்செலன் அல்பேர் என்ற சிறு விவசாயி முன்னால் நின்றார். ஜூன் 9ஆம் தேதி மோன்பெலியே நகரில் கூடிய கூட்டம் 5,00,000 பேருக்கு மேல் என்கிறார்கள். அரசு பட்டாளத்தை அனுப்பியது; நார்போன் நகரில் துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. உழவர் வீட்டுப் பிள்ளைகள் நிறைந்த ஒரு படைப்பிரிவு ஆணையை மீறிக் கலகம் செய்தது. அந்த மாத முடிவிலேயே கலப்படத்துக்கு எதிரான சட்டம் வந்தது.

ஷாத்தோநெஃபின் சிக்கல் கொஞ்சம் வேறு மாதிரி. இவர்களுடைய ஒயின் கனமானது என்பதால், வடக்கே பர்கண்டி வியாபாரிகள் அதை மொத்தமாக வாங்கி, வெளிறிப் போன தங்கள் ஒயினுக்கு வலுவேற்றக் கலந்துகொண்டார்கள். 'மருந்து ஒயின்' என்றே அதற்குப் பெயர். குணம் இவர்களுடையது, பெயர் அவர்களுடையது. இன்னொரு பக்கம், இந்த ஊர்ப் பெயர் கொஞ்சம் பிரபலமானதும் எங்கெங்கோ விளைந்ததை எல்லாம் இந்தப் பெயரில் விற்றார்கள். நம்ம ஊரில் மலைத்தேன், நாட்டுச் சர்க்கரை என்ற பெயர்களில் என்னென்ன விற்கிறது என்று பாருங்க. கதை ஒன்றுதான்.

லாவண்டரும் தைமும் முளைக்கிற நிலம்

1923இல் ஊர் உழவர்கள் சங்கம் அமைத்தார்கள். சட்டம் படித்தவரும், முதல் உலகப் போரில் விமானம் ஓட்டியவரும், இந்த ஊர்த் தோட்டக்கார வீட்டில் பெண் எடுத்தவருமான பியேர் லெ ருவா என்பவரைத் தலைமை தாங்கக் கேட்டார்கள். வெளியாளைக் குற்றம் சொல்லும் முன் நீங்கள் முதலில் நேர்மையாகவும் ஒழுங்காகவும் இருக்க வேண்டும் என்பது அவர் வைத்த நிபந்தனையாகச் சொல்லப்படுகிறது. பிறகு அவர்கள் எழுதிக்கொண்ட விதிகளைப் பாருங்க.

முதல் விதி நிலம் பற்றியது. எந்த நிலம் இந்தப் பெயருக்குத் தகுதி? மண் பரிசோதனைக் கூடத்துக்கு ஓடவில்லை. லாவண்டரும் தைமும் தானாக முளைக்கிற அளவுக்கு வறண்ட, ஏழ்மையான நிலமாக இருக்க வேண்டும் என்று எழுதினார்கள். இரண்டும் வறண்ட, வடிகால் உள்ள நிலத்தில் காடாக வளர்கிற வாசனைச் செடிகள். கோரை முளைத்தால் தண்ணி நிற்கிற நிலம் என்று நம்ம பாட்டன் சொன்ன அதே அறிவு. அங்கே அதைச் சட்டத்தின் மொழியில் எழுதி வைத்துக்கொண்டார்கள். ஆற்றோரத்து வளமான வண்டல் இதனால் விலக்கப்பட்டது. வளமான மண் அதிகம் விளையும். ஆனால் அந்தக் கனம் வராது.

மற்றவை: இன்னின்ன ரகம் மட்டும்தான். கவாத்து இந்த முறையில்தான். இயற்கையாகப் பழுத்த பழத்தில் இருந்து குறைந்தது 12.5 சதவீதம் ஆல்கஹால் வர வேண்டும். வெளியில் இருந்து சர்க்கரை சேர்க்கக் கூடாது. அறுவடையில் தரம் குறைந்ததைப் பொறுக்கி, குறைந்தது 5 சதவீதத்தைக் கட்டாயமாக ஒதுக்க வேண்டும். விளைச்சல் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் ஒதுக்கித்தான் ஆக வேண்டும்! பழத்தைக் கையால்தான் பறிக்க வேண்டும் என்ற வழக்கமும் விதியாக நிலைத்தது.

இதை எல்லாம் ஊரில் பேசி முடித்துவிட்டு நீதிமன்றம் போனார்கள். பத்து வருசம் இழுத்தது. 1933இல் நாட்டின் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் இவர்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னது. 1935இல் பிரான்சு முழுமைக்கும் ஊர்ப்பெயர்ப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதற்காக உழைத்தவர்களில் லெ ருவாவும் ஒருவர். 1936 மே 15இல் ஷாத்தோநெஃப் து பாப் அந்தச் சட்டத்தின் கீழ் பதிவாகியது. அப்படிப் பதிவான முதல் ஊர்களில் இது ஒன்று. அடுத்த ஆண்டு சங்கம் தனக்கென்று ஒரு பாட்டிலை வடிவமைத்தது. கழுத்துக்குக் கீழே போப்பாண்டவரின் மகுடமும் சாவிகளும் புடைத்திருக்கும்.

பெயரைக் காப்பதில் இந்த ஊர்க்காரர்களின் பிடிவாதத்துக்கு ஒரு வேடிக்கையும் உண்டு. 1954இல் பறக்கும் தட்டு பற்றிய புரளி பிரான்சு முழுக்கப் பரவியபோது, ஊர் எல்லைக்குள் பறக்கும் தட்டு பறக்கவோ இறங்கவோ கூடாது என்று மேயர் ஆணை போட்டார். ஊர்ப் பெயர் உலகப் பத்திரிகைகளில் வந்தது. காசில்லாத விளம்பரம்!

இன்றைய சோதனை

எல்லாம் எழுதி முடித்துச் சுகமாக வாழ்ந்தார்கள் என்று கதையை முடிக்க முடியாது. வானம் மாறிவிட்டது. ஐம்பது, அறுபது வருசத்துக்கு முன்னால் இருந்ததைவிட இன்று இங்கே அறுவடை இரண்டு வாரத்துக்கு மேல் முந்தி வருகிறது. 2019 ஜூன் 28இல் தென் பிரான்சில் 46 டிகிரி செல்சியஸ் பதிவானது. அந்த நாட்டில் அதுவரை அளந்ததிலேயே உச்சம் அதுதான். பல தோட்டங்களில் இலையும் குலையும் கருகிப் போயின.

அன்றைக்கு 12.5 சதவீதத்தை எட்டுவதே தரத்தின் அடையாளம். இன்று 14.5, 15 என்று தானாக ஏறுகிறது. கிரெனாஷில் சர்க்கரை முதலில் ஏறிவிடுகிறது. தோலும் விதையும் பழுக்கப் பின்தங்குகின்றன. முன்னால் பறித்தால் பச்சைத் துவர்ப்பு, காத்திருந்தால் ஆல்கஹால் எகிறும். கனம் என்று புகழ்ந்த குணமே பாரமாகிவிடுகிற நிலை. இரவில் சூடு விடும் கூழாங்கல், ஒரு காலத்தில் வரம். இன்று மணல் காடும் வடக்குப் பார்த்த சரிவும் வைத்திருக்கிறவருக்குத்தான் மதிப்பு.

இங்கேதான் அந்தப் பழைய ரகங்கள் கைகொடுக்கின்றன. கூன்வாஸ், வக்காரெஸ், தெரே நுவார், முஸ்கார்தான் போன்றவற்றை நடுவில் பலர் கைவிட்டிருந்தார்கள். நிறம் போதாது, வலு போதாது என்று சொல்லி ஒதுக்கியவை. இவற்றில் சர்க்கரை குறைவாக ஏறும், புளிப்பு நிற்கும். இன்றைய வெயிலுக்கு வேண்டியது அதுதான். பட்டியலில் அந்தப் பெயர்கள் இருந்ததால் புதிதாகச் சட்டம் கேட்க வேண்டிய வேலை இல்ல. நட வேண்டியதுதான் பாக்கி. நூறு வருசத்துக்கு முன்னால் ஒதுக்காமல் வைத்த விதை, பேரன் காலத்துக்குக் காப்பீடு.

இயற்கை விவசாயிகளுக்குத் தனிச் சோதனையும் வந்தது. 2018 வசந்த காலத்தில் மழை விடாமல் பெய்து அடிச்சாம்பல் நோய் தாக்கியது. கிரெனாஷ் அதற்கு எளிதில் விழும். மருந்து தெளிக்கக் காட்டுக்குள் இறங்கவே முடியாத சேறு. இரசாயனத்தை விட்ட தோட்டங்களில் சிலவற்றுக்கு விளைச்சலின் பெரும்பகுதி போனது. இயற்கை முறையில் இந்த நோய்க்குக் கையில் இருப்பது முக்கியமாகச் செம்புதான். மயில்துத்தமும் சுண்ணாம்பும் சேர்ந்த போர்டோ கலவை. செம்பு மண்ணில் சேர்ந்துகொண்டே போகும், மண்புழுவுக்கு ஆகாது. அதனால் ஐரோப்பிய ஒன்றியம் 7 ஆண்டுகளில் ஹெக்டேருக்கு 28 கிலோ செம்புதான் என்று எல்லை வைத்திருக்கிறது. 'ஆர்கானிக்' என்ற முத்திரை வாங்கினாலே மண்ணுக்குத் தீங்கு இல்லை என்று நாம நினைத்துக்கொள்ளக் கூடாது என்பதற்கு இது ஒரு பாடம். போர்டோ கலவையை நம்பித் திராட்சையும் மிளகும் பாக்கும் வளர்க்கிற நமக்கும் இது சேர்த்துத்தான்.

இன்னொரு கசப்பும் உண்டு. பெயருக்கு மதிப்பு ஏறியதும் நிலத்தின் விலையும் ஏறிவிட்டது. அப்பன் காடு இல்லாத இளைஞர் இங்கே புதிதாகத் தோட்டம் வாங்குவது கனவு மாதிரி. பெயரைக் காப்பாற்றிய உழவர்களால் நிலத்தைச் சாமானியர் கைக்கு எட்டும்படி வைத்திருக்க முடியவில்லை.

நமக்கு இதில் என்ன?

இந்த ஊர்ப்பெயர்ச் சட்டம் பிரான்சோடு நிற்கவில்லை. 1995இல் உலக வர்த்தக அமைப்பு வந்தபோது, அறிவுசார் சொத்துரிமை ஒப்பந்தத்தில் புவிசார் குறியீடாக இடம் பெற்றது. அந்த ஒப்பந்தத்துக்கு ஏற்ப இந்தியா 1999இல் சட்டம் இயற்றியது. 2003இல் அமலுக்கு வந்தது. 2023இல் கம்பம் பன்னீர் திராட்சைக்குக் கிடைத்த குறியீடு வரை எல்லாம் இந்த வழியில் வந்தவைதான். ஆனால் ஒப்பந்தத்தில் ஒரு வஞ்சகம் இருக்கிறது. ஒயினுக்கும் மதுவகைகளுக்கும் மட்டும் கூடுதல் பாதுகாப்பு. 'அந்த ஊர் மாதிரி', 'அந்த ஊர் வகை' என்றுகூட எழுதி விற்கக் கூடாது. அரிசிக்கும் தேயிலைக்கும் அந்த அளவுக்குப் பாதுகாப்பு இல்லை. எல்லாப் பொருளுக்கும் அதை விரிக்க வேண்டும் என்று இந்தியா உள்ளிட்ட நாடுகள் பல காலமாகக் கேட்டு வருகின்றன. அவர்கள் சரக்குக்கு ஒரு நீதி, நம்ம சரக்குக்கு ஒரு நீதி.

அதைச் சொல்லும்போதே நம்ம பக்கத்தையும் பார்க்கணும். இங்கே குறியீடு வாங்கியதும் மாலை போட்டு, படம் பிடித்து, சான்றிதழைச் சட்டம் போட்டு மாட்டிவிட்டால் வேலை முடிந்தது என்று பல இடங்களில் நினைக்கிறோம். நம்ம சட்டத்தில், குறியீடு பெற்ற பொருளை விளைவிக்கிற உழவர் ஒவ்வொருவரும் 'அங்கீகரிக்கப்பட்ட பயனாளர்' என்று தனியாகப் பதிவு செய்துகொள்ள வழி இருக்கிறது. அந்தப் பதிவு இல்லாமல் பெயர் ஊருக்கு, இலாபம் வியாபாரிக்கு என்றுதான் முடியும். உங்கள் ஊர்ப் பொருளுக்குக் குறியீடு இருந்தால், யார் பெயரில் பதிவாகியிருக்கிறது, எத்தனை உழவர்கள் பயனாளராகச் சேர்ந்திருக்கிறார்கள் என்று முதலில் விசாரியுங்க.

ஷாத்தோநெஃப் உழவர்கள் செய்த வரிசையைக் கவனிக்கணும். முதலில் தங்களுக்குள் கட்டுப்பாடு. எந்த நிலம், எந்த ரகம், எவ்வளவு விளைச்சல், எதை ஒதுக்குவது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். அதற்குப் பிறகுதான் வழக்கு. அதற்கும் பிறகுதான் சட்டம். நாம பெரும்பாலும் முதலில் முத்திரையைக் கேட்கிறோம். விதியை யாராவது எழுதித் தருவார்கள் என்று இருந்துவிடுகிறோம்.

ஒயினைப் போல எல்லாப் பொருளுக்கும் விளைச்சலைக் குறைத்து விலையை ஏற்ற முடியாது. சோற்று அரிசிக்கு அந்தக் கணக்கு ஆகாது. ஆனால் ஊருக்கே உரிய குணம் உள்ள பொருள் ஒவ்வொரு வட்டாரத்திலும் ஒன்றாவது இருக்கும். ஒரு மிளகாய், ஒரு வாழை, ஒரு கத்தரி, ஒரு வெல்லம். அந்தக் குணம் எந்தக் காட்டில் நன்றாக வருகிறது, அந்தக் காட்டில் தானாக என்ன செடி முளைக்கிறது, எந்த உரம் போட்டால் அந்தக் குணம் கெடுகிறது என்பதெல்லாம் ஊர்ப் பெரியவர்களுக்குத் தெரியும். அவர்கள் இருக்கும்போதே அதைக் கேட்டு எழுதி வையுங்கள். பத்து உழவர் கூடி, "எங்க ஊர்ப் பேரில் விற்கணும்னா இப்படித்தான் விளைவிக்கணும்" என்று ஒரு பக்கம் எழுதிக் கையெழுத்துப் போடுவதற்கு எந்த அரசாங்கத்தின் அனுமதியும் வேண்டியதில்லை.